பழைய கார் வாங்கப் போகிறோம், இன்சூரன்ஸையும் கணக்கில் வைத்து ஒரு வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்து பேர், அம்மாவுக்கு முழங்கால் வலி, சின்னவளுக்கு இன்னும் குழந்தை இருக்கை வேண்டும். முதல் கார், அதுவும் செகண்ட் ஹேண்ட்தான்.

போன வாரம் ஒரு பெரிய செடான் பார்த்தோம், விலை குறைவு, எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்று விசாரித்தபோதுதான் எஞ்சின் பெரிதாக இருந்தால் பிரீமியமும் ஏறும் என்று புரிந்தது, வருடா வருடம் அதை எங்களால் தாங்க முடியாது. விற்பவர் தன்னுடைய நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) எங்களுக்கு வந்துவிடும் என்றார். அது வண்டியோடு வராது, பாலிசி எடுத்தவர் பெயரில் இருக்கும் சலுகை என்று அப்புறம்தான் தெரிந்தது. நல்ல வேளை, முன்பணம் கொடுக்கவில்லை.

இப்போது 1,200 சிசி அளவில், 8 வருடத்துக்கு மேல் போகாத ஹோண்டா ஜாஸ் மாதிரி ஒன்று பார்க்கிறேன். பின் இருக்கையில் குழந்தை இருக்கையைப் போட்ட பிறகு இன்னும் இரண்டு பேர் நிம்மதியாக உட்கார முடியுமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தால் செலவு குறையும், ஆனால் நம் தவறால் நம் வண்டி அடிபட்டால் ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு எடுத்தாலும் பழைய வண்டிக்குத் தேய்மானம் போகத்தான் தருவார்கள். பிரீமியம் குறைய, கிளைமில் நாம் ஏற்கும் தொகையைக் கொஞ்சம் கூட்டி, முழுக் காப்பீடே எடுப்பது சரியா? பிள்ளைகள் போகிற வண்டி, அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன்.