ஜாமீன் கிடைத்து 19 நாட்கள், தம்பி இன்னும் சிறையில்

கேள்வி (கோத்தகிரி):
கிடங்கிலிருந்து இரண்டு மூட்டை உரம் திருடியதாக என் தம்பி மீது வழக்கு. ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது. ஆனால் ஜாமீன்தாரர் இருவர் வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும் என்கிறார்கள். மூன்று தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) இருக்கிறோம். வீடு தோட்டத்துடையது, ரசீதுக்கு எங்கே போவது? என்னோடு இலை பறிக்கும் அத்தனை பேருக்கும் இதே நிலைதான். அதே வாரம் காரை மோதி எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் காலை முறித்த விடுதி முதலாளியின் மகன் அன்று மாலையே வீடு திரும்பிவிட்டான். நெஞ்சு எரிகிறது. என்ன செய்யலாம்?

பதில் (குன்னூர், ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்):
அம்மா, 1978-இல் மோதி ராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். நீதிபதி கிருஷ்ண அய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில், அதாவது அவரே எழுதித் தரும் உறுதியின் பேரில், விடச் சொன்னார். 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ஜாமீன் கிடைத்தும் 7 நாட்களில் வெளிவராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று அந்த ஆணைக்குழுவில் கேளுங்கள். நிபந்தனையைத் தளர்த்த மனுப் போடலாம். காவலில் இருப்பவருக்கு வழக்கறிஞர் இலவசம். வருமானச் சான்று தேவையில்லை.

பதில் (கூடலூர்):
சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள் அக்கா. ஜாமீன் உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காசு கேட்டு வரும் இடைத்தரகரை நம்பாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
ஐயா, இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும், நாளைக்கே முதல் பஸ்ஸைப் பிடித்து உதகையில் உள்ள ஆணைக்குழுவுக்குப் போகிறேன்.