நியூட்ரலில் வைத்தாலும் போட் முன்னால் பாய்கிறது: கியர் கேபிளை எப்படிச் சரிசெய்வது?

பாலாற்றங்கரை (வாலாஜா):
வணக்கம். "பாலாற்றில் தண்ணீரே இல்லை, உனக்கு எதற்கு மோட்டார் போட்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், வீட்டிலேயே தினமும் கேட்கிறேன். 2021 நவம்பரில் அதே பாலாற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது லாரி ட்யூபில் ஆட்களை உட்கார வைத்து இழுத்து வந்தோம். அதற்கப்புறம்தான் தெருப் பையன்கள் காசு போட்டு, 16 அடி ஃபைபர் போட்டும் 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் யமஹா மோட்டாரும் பழசாக வாங்கினோம். வருஷத்தில் பதினொரு மாதம் அரிசி மில் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கும்.

பழைய கியர் கேபிள் துருப்பிடித்து இறுகிவிட்டதால், வெளியூர் ஆள் ஒருவர் வந்து புதுசு போட்டுக் கொடுத்தார். போன ஞாயிறு காவேரிப்பாக்கம் ஏரியில் இறக்கினோம். ஹேண்டில் நியூட்ரலில்தான் இருந்தது. சாவியைத் திருப்பினேன், போட் விருட்டென்று முன்னால் போய், பிடித்துக்கொண்டு நின்ற பையன் தண்ணீரில் மல்லாந்துவிட்டான். ரிவர்ஸ் போட்டால் கடகடவென்று சத்தம்; கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கியர் கழன்றுவிடுகிறது.

நான் டூவீலர் மெக்கானிக். கிளட்ச் கேபிள் மாதிரிதானே என்று முனையை இரண்டு சுற்று உள்ளே ஏற்றினேன். இன்னும் மோசமாகிவிட்டது. மழைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. யாராவது சொல்லுங்கள்.

குடியாத்தம் ஒர்க்‌ஷாப்:
கியர்பாக்ஸ் போயிருக்கும் தம்பி. இறக்கிப் பார்த்துவிடு.

கடலூர் துறைமுகம்:
அவசரப்பட்டு இறக்க வேண்டாம். கேபிள் மாற்றிய பிறகு வந்த கோளாறு என்றால் முதலில் கேபிளைத்தான் பார்க்க வேண்டும்.

தம்பி, தப்பு எங்கே என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்: கிளட்ச் கேபிள் மாதிரி. கிளட்ச் கேபிள் இழுக்க மட்டும்தான். திரும்பி வருவதை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். அதனால் டைட், லூஸ் என்ற கணக்கு அங்கே சரி. கியர் கேபிள் தள்ளவும் செய்யும், இழுக்கவும் செய்யும். இதில் டைட் என்று ஒன்று கிடையாது, நடு என்றுதான் உண்டு. ஒரு பக்கம் கூட்டினால் மறு பக்கம் அதே அளவு குறையும். கீழே கியர்கேஸுக்குள் ஃபார்வர்ட் பல்சக்கரமும் ரிவர்ஸ் பல்சக்கரமும் எதிரெதிரே சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் டாக் கிளட்ச், அதாவது இரண்டு பக்கமும் பல் உள்ள ஒரு துண்டு, முன்னும் பின்னும் நகர்ந்து அந்தச் சக்கரங்களில் ஒன்றைக் கவ்வும். உங்கள் கேபிள் அதை முன்பக்கமாகவே வைத்திருக்கிறது. அதனால்தான் நியூட்ரலில் ஃபார்வர்ட் பிடிக்கிறது, ரிவர்ஸில் பாதிதான் கவ்வுகிறது.

இன்னொன்று. நியூட்ரல் இல்லாமல் ஸ்டார்ட் ஆகாதே என்று யோசிப்பீர்கள். உங்களுடையது மாதிரி ரிமோட் செட்டில் அதைத் தடுக்கும் சுவிட்ச், ஹேண்டில் இருக்கிற கண்ட்ரோல் பாக்ஸுக்குள் இருக்கும். அது ஹேண்டிலைத்தான் பார்க்கும், கியரைப் பார்க்காது. அந்தப் பையன் பின்பக்கம் ப்ரொப்பல்லர் அருகே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்! இது சரியாகும் வரை சாவியைத் தொடாதீர்கள்.

இனி வேலை. கில் சுவிட்ச் (இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச்) கயிற்றைக் கழற்றுங்கள், இரண்டு... இல்லை, உங்களுடையது மூன்று சிலிண்டராகவும் இருக்கலாம், எத்தனை பிளக் இருக்கிறதோ அத்தனையும் கழற்றுங்கள். ஹேண்டில் நியூட்ரல். மோட்டார் மூடியைத் திறந்து, கிளிப்பை எடுத்து, கியர் கேபிள் முனையை லீவர் பின்னிலிருந்து கழற்றுங்கள். இப்போது மோட்டார் பக்கத்து லீவரைக் கையால் நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். ப்ரொப்பல்லர் இரண்டு பக்கமும் தடையில்லாமல் சுற்ற வேண்டும், உரசல்கூட இருக்கக் கூடாது.

அப்புறம் கழற்றிய முனையை மெதுவாகத் தள்ளுங்கள். தொளதொளப்பு தீர்ந்து தடை வரும் இடத்தில் கேபிளில் ஒரு கோடு. அதேபோல் இழுத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, முனையில் திருகியிருக்கும் ஜாயின்டை உள்ளேயோ வெளியேயோ சுற்றி, அதன் ஓட்டை பின்னுக்கு நேராகத் தானாகவே வந்து உட்காரும்படி செய்யுங்கள். வலிந்து மாட்டக் கூடாது. கடைசியில் லாக்நட், கிளிப்.

பாலாற்றங்கரை:
ரொம்ப நன்றி அண்ணா. ராத்திரியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கோட்டுக்கும் இடையில் 4 மி.மீ. நடுவில் வைத்து ஜாயின்டை வெளியே சுற்றிச் சுற்றி ஓட்டையை நேராக்கினேன். மாட்டிப் பார்த்தால் நியூட்ரலில் ப்ரொப்பல்லர் காத்தாடி மாதிரி சுற்றுகிறது! ஆனால் ஜாயின்ட் ஆடுகிற மாதிரி இருந்தது. மறுபடி கழற்றினேன், ஆறே சுற்றில் கையோடு வந்துவிட்டது. ஸ்கேல் வைத்தால் மரை 5 மி.மீ தான் உள்ளே இருந்திருக்கிறது. லாக்நட் இருக்கிறதே, போதுமா?

கடலூர் துறைமுகம்:
போதாது. யமஹா சர்வீஸ் புத்தகத்தில் குறைந்தது 8 மி.மீ மரை உள்ளே இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஓடும்போது அது கழன்றால் கியர் எதில் இருக்கிறதோ அதிலேயே நிற்கும். வெள்ளத்தில் அப்படி ஆனால் யோசித்துப் பாருங்கள்.

ஆனால் புது கேபிளில் மரை போதவில்லை என்பதே எனக்கு இடிக்கிறது. அளவு சரியான கேபிள் இவ்வளவு தள்ளிப்போகாது. கண்ட்ரோல் பாக்ஸைத் திறந்து அந்த முனையைப் பாருங்கள். கேபிளின் வெளி உறையில் ஒரு பள்ளம் இருக்கும், அது கிளாம்பின் விளிம்பில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

குடியாத்தம் ஒர்க்‌ஷாப்:
கியர்பாக்ஸ் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நானும் கிளட்ச் கேபிள் ஆள்தான்.

பாலாற்றங்கரை:
அண்ணா, அதேதான்! பள்ளத்தை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருந்த தடித்த பகுதியின் மேல் கிளாம்பை அழுத்தி ஸ்க்ரூ போட்டிருக்கிறார். உறையில் நசுங்கின தடம்கூடத் தெரிகிறது. பள்ளத்தில் உட்கார வைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். இப்போது மரை 12 மி.மீ உள்ளே.

ஒரு சந்தேகம். ஃபார்வர்ட் போட்டால் ப்ரொப்பல்லர் பூட்டிக்கொள்கிறது. ரிவர்ஸுக்கு ஹேண்டில் முழுசாகப் போகவில்லை, பாதியில் முட்டுகிறது.

கடலூர் துறைமுகம்:
இன்ஜின் ஓடாதபோது பல்லுக்குப் பல் முட்டும். வலுக்கட்டாயம் செய்தால் கேபிள்தான் வளையும். ஒருவர் ப்ரொப்பல்லரைக் கையால் மெல்லச் சுற்ற, இன்னொருவர் ஹேண்டிலைத் தள்ளுங்கள், 'டக்'கென்று விழும். பிளக்கை மாட்டாமலே செய்யுங்கள், பழக்க தோஷத்தில் மாட்டிவிடப் போகிறீர்கள்.

அரக்கோணம் முன்னாள்:
மீட்பு வேலையில் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பயத்தில் நிறையப் பேர் கியரை மெதுவாக, தடவித் தடவிப் போடுவார்கள். அப்படிப் போட்டால்தான் டாக் கிளட்சின் முனைகள் மழுங்கும். ஐடிலுக்கு இறக்கி, ஒரே வெட்டாகப் போட வேண்டும். அப்புறம், தண்ணீர் இல்லாமல் ஷெட்டில் வைத்து ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. வாட்டர் பம்ப் ரப்பர் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். ஏரிக்குப் போக முடியாவிட்டால் பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, கியர் போடாமல் ஐடிலில் மட்டும் ஓட்டுங்கள்.

பாலாற்றங்கரை:
இன்று காலை ஏரியில் இறக்கினோம். இந்தத் தடவை போட்டைப் பிடிக்க யாருமே வரவில்லை, அந்தப் பையன் கரையில் வேலிகாத்தான் நிழலிலேயே நின்றுகொண்டான். கரையில் இருந்த மரத்தில் கயிறு கட்டித்தான் ஸ்டார்ட் செய்தேன். கயிறு தொய்ந்தபடியே கிடந்தது, ஒரு சாண்கூட நகரவில்லை. ஃபார்வர்ட் சுத்தம். ரிவர்ஸ் பிடிக்கிறது, ஆனால் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஒரே ஒரு தடவை 'கடக்' என்றது.

கடலூர் துறைமுகம்:
தப்பான நிலையில் ஓடியதில் ரிவர்ஸ் பக்கத்து முனை கொஞ்சம் மழுங்கியிருக்கும். ரிவர்ஸில் முழு ஆக்ஸிலேட்டர் எதற்கும் தேவையில்லை, இந்த மழையை இப்படியே ஓட்டுங்கள். ஜனவரியில் கியர் ஆயிலை இறக்கும்போது டிரெய்ன் ஸ்க்ரூவில் இரும்புத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா, ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். துணுக்கு இருந்தால் கியர்கேஸைப் பிரிக்க வேண்டும், வெளுத்திருந்தால் சீல் மாற்ற வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அப்படியே மூடிவிடுங்கள்.

பாலாற்றங்கரை:
சரி அண்ணா. பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் "டைட் பண்ணாதே, நடு பார்" என்று மார்க்கரில் எழுதி ஒட்டிவிட்டேன்.