அன்னபூர்ணாவுக்கு எட்டுப் பேர்: 61 வயது அத்தானோடு சேர்ந்தே நடப்பதா, பிரிந்து நடப்பதா?

தக்கலைக்காரன்:
அக்டோபர் கடைசியில் நாங்கள் எட்டுப் பேர் நேபாளம் போகிறோம். காந்துருக், சோம்ரோங் ஊர்கள் வழியாக அன்னபூர்ணா அடிவார முகாம் வரை, 4,130 மீட்டர். ஏழு பேர் நாற்பதுக்குள். எட்டாவது ஆள் என் அத்தான், வயது 61. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்குகிற உடம்பு. போன ஞாயிறு மருந்துவாழ்மலை ஏறினோம். எங்களில் மூன்று பேருக்கு முன்னால் உச்சியில் போய் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் இரண்டு பேர், "வயசாளியால் எல்லோருக்கும் தாமதம், வேகமாக நடக்கிறவர்கள் தனியாகப் போவோம்" என்கிறார்கள். பிரிந்து நடக்கலாமா? அப்புறம், அக்கா நெத்திலிக் கருவாட்டுப் பொடி தந்துவிடுவதாக நிற்கிறாள். கொண்டு போகலாமா?

கோட்டாற்றுக்காரி:
தம்பி, அத்தானை விடுங்கள். அந்த இரண்டு பேரைக் கவனியுங்கள்.

2018-ல் நாங்கள் ஒன்பது பேர் போனோம். சோம்ரோங்கில் கல்படியில் ஆறு வரை இறங்கி, தொங்குபாலம் தாண்டி, இறங்கிய அத்தனையும் திரும்ப சினுவாவுக்கு ஏற வேண்டும். அதில் எங்கள் முழங்கால் எல்லாம் போய்விட்டது. ஜிம்முக்குப் போகிற பையன்கள் இரண்டு பேர் மட்டும் மறுநாள் பறந்துவிட்டார்கள். பேம்பூ 2,300 மீட்டர். அங்கே காலைச் சாயா குடித்துவிட்டு, அன்றைக்கே 3,700-ல் இருக்கிற மச்சாபுச்சரே முகாமில் போய்ப் படுத்திருக்கிறார்கள். நாங்கள் நடுவில் இருக்கிற தேவ்ராலியில் தங்கினோம். மருந்துப் பை எங்களிடம்.

காலையில் போய்ப் பார்த்தால், ஒருவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். ராத்திரி முழுக்கத் தலைவலி, வாந்தி. ஷூ கயிற்றைக் கட்டச் சொன்னேன். விரல் கயிற்றைத் தேடுகிறது, பிடிக்க வரவில்லை. வயது 28! மேலே காற்று மெலிவதால் வருகிற இந்த உயர நோய்க்கு வயதும் தெரியாது, ஜிம்மும் தெரியாது. 3,000 மீட்டருக்கு மேல், படுக்கிற உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. நம்ம மகேந்திரகிரியே 1,600 சொச்சம்தான், பாருங்கள். அதனால் மருந்துவாழ்மலையில் காலுக்குப் பயிற்சி கிடைக்கும், மூச்சுக்குக் கிடைக்காது.

நான்தான் அவனைக் கீழே இறக்கினேன். தோவான் வந்ததும் இரண்டு தட்டு தால்பாத், அதாவது பருப்புச் சோறு, கேட்டான். எனக்குக் கோபமா சிரிப்பா தெரியவில்லை. அடிவார முகாமை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

ஆனால் காந்துருக்கை நன்றாகப் பார்த்தேன். பலகைக்கல் கூரை வீடுகள். முற்றத்தில் குருங் இனத்துப் பாட்டி ஒருவர் பாயில் கேழ்வரகுக் கதிரைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். நம்ம கேழ்வரகேதான். ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்து ஊதிக் காட்டினார். உமி பறந்தது, மணி நின்றது. எங்கள் விடுதிக்காரர் இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இந்தியில் கதை சொல்லி எங்களைத் தூங்கவிடவில்லை. ஓடின பையன்களிடம் இந்த ஊரைப் பற்றிக் கேட்டால், "அங்கே வைஃபை ஸ்லோ" என்கிறார்கள்.

கருவாடு வேண்டாம். மேலே அந்தப் பள்ளத்தாக்கைப் புனித இடமாக வைத்திருக்கிறார்கள், இறைச்சி கொண்டுபோவதை விரும்ப மாட்டார்கள். மச்சாபுச்சரே என்றால் மீன்வால் என்று அர்த்தம். அதைப் பார்த்து ஆற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

மார்த்தாண்டத்தான்:
கோட்டாற்று அக்கா சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அக்டோபரில் மேலே விடுதிகள் குறைவு, கூட்டம் அதிகம். யாராவது முன்னே போய் அறை பிடிக்காவிட்டால் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில்தான் படுக்கை. நாங்கள் காலையில் சுமைக்காரத் தம்பியை முன்னே அனுப்பினோம், நாங்கள் பின்னால் ஒன்றாக நடந்தோம். கருவாட்டுக்குப் பதில் முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டு போங்கள். பல நாள் கெடாது, இரண்டு தின்றால் மத்தியானம் வரை தாங்கும்.

கருங்கல் ரயில்வாசி:
ரயிலில் போவதானால் திருவனந்தபுரத்தில் இருந்து கோரக்பூருக்கு ராப்திசாகர் இருக்கிறது, மூன்றாம் நாள் இறங்கலாம். அங்கிருந்து சுனௌலி எல்லை, அப்புறம் பொக்காராவுக்கு பஸ். விசா வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கட்டாயம் கையில் இருக்கட்டும், ஆதாரை நம்பிப் போகாதீர்கள். நம்ம 100 ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் 160.

தக்கலைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. தேவ்ராலியில் ஒரு ராத்திரி, மச்சாபுச்சரே முகாமில் ஒரு ராத்திரி, விடியக்காலம் மேலே போய்விட்டு இறங்குவது என்று மாற்றிவிட்டோம். அத்தானுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "அந்த ரெண்டு பயல்களையும் எனக்குப் பின்னால நடக்கச் சொல்லு, மருந்துப் பையை நான் வச்சுக்கிறேன்" என்கிறார். கருவாட்டுப் பொடியை ராப்திசாகரிலேயே தீர்த்துவிடுவோம்.