நானோடைரனஸ் சரி, ஆனால் லெத்தேயஸ்? ஜேனுக்குத் தனிச் சிற்றினப் பெயர் தேவையா

பாறையடுக்கு:
ஸான்னோ, நேப்போலி இருவரும் 2025 அக்டோபர் கடைசியில் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை வந்ததிலிருந்து, சின்ன டைரனோசார் மாதிரிகள் தனி இனமா, டி. ரெக்ஸ் குட்டிகளா என்ற பழைய சண்டையில் “நானோடைரனஸ் ஜெயித்தது” என்று ஒரே கொண்டாட்டமாக இருக்கிறது. பாதிக் கொண்டாட்டத்தில் நானும் உண்டு. மொன்டானாவில் 2006-ல் ட்ரைசெராடாப்ஸோடு சேர்ந்து கிடைத்த ‘சண்டைக்கார டைனோசர்கள்’ ஜோடியில் இருக்கும் சின்ன வேட்டை விலங்குக்கு (இப்போது வட கரோலினா அருங்காட்சியகத்தில் இருப்பது) வயது சுமார் 20, எடை சுமார் 700 கிலோ, வளர்ச்சியும் நின்றுபோயிருக்கிறது. ஆக அது டி. ரெக்ஸ் குட்டி கிடையாது. அதையும் கிளீவ்லாந்து மண்டையோட்டையும் (1942-ல் எடுத்தது, 1946-ல் கில்மோர் ‘கோர்கோசாரஸ் லான்சென்ஸிஸ்’ என்று பெயரிட்டது) ஒன்றாக்கி நானோடைரனஸ் லான்சென்ஸிஸ் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன்.

இடிப்பது மறுபாதி. ராக்ஃபர்டில் இருக்கும் பர்பீ அருங்காட்சியகத்தின் ‘ஜேன்’ எலும்புக்கூட்டை ஹோலோடைப்பாக (சிற்றினப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியாக) வைத்து, நானோடைரனஸ் லெத்தேயஸ் என்று இரண்டாவது சிற்றினத்தையும் அதே கட்டுரையில் நட்டுவிட்டார்கள். ஜேன் வளர்ந்து முடியாத விலங்கு. 2020-ல் ஹோலி வுட்வர்ட் குழு அதன் கால் எலும்புகளை அறுத்துப் பார்த்து, குறைந்தது 13 வயது, சாகும்போதும் வளர்ந்துகொண்டிருந்தது என்று சொல்லியாயிற்று. வளர்ந்ததையும் வளராததையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் இருக்கிறது என்றால், அதில் வயதின் பங்கு எவ்வளவு, ஆளுக்கு ஆள் மாறுவது எவ்வளவு, இன வேறுபாடு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பீர்கள்? பேச்சில் அடிபடும் நல்ல மாதிரிகளே மூன்றுதான்.

கத்திப்பல்:
//வளர்ந்ததையும் வளராததையும் பக்கத்தில் வைத்து//

பாறையடுக்கு சார், உங்கள் வாதம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். கிளீவ்லாந்து மண்டையோட்டின் நீளம் 57 செ.மீ. ஜேனுடையது 70 செ.மீ. அளவில் வருகிறது, தொடை எலும்பு 72 செ.மீ. வளர்ந்து முடியாதது பெரிதாகவும், முடித்தது சின்னதாகவும் இருக்கிறது. வயதால் வந்த வித்தியாசம் என்றால் குட்டி பெரிதாகவும் தாய் சிறிதாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு வளர்ச்சி எந்த விலங்கில்?

கிளீவ்லாந்து மாதிரி வளர்ந்ததா என்ற சந்தேகத்துக்கும் பதில் வந்துவிட்டது. 2025 டிசம்பரில் கிரிஃபின் குழு சயன்ஸ் இதழில் அதன் நாவடி எலும்பை அறுத்துப் பார்த்ததை எழுதினார்கள்: முதிர்ச்சியை எட்டிவிட்டது, அல்லது எட்டும் நிலையில் இருந்தது.

பாறையடுக்கு:
உருவ அளவு மட்டும் சிற்றினத்துக்குப் போதாது. ஒரே இனத்தில் ஆணும் பெண்ணும் கால்பங்கு வித்தியாசத்தில் இருப்பது சாதாரணம். 2022-ல் நடந்தது ஞாபகம் இருக்கும். பால், பெர்சன்ஸ், வான் ரால்ட்டே மூவரும் 37 மாதிரிகளை வைத்து, தொடை எலும்பின் தடிமனையும் கீழ்த்தாடையின் முன்பற்களையும் காட்டி, டி. ரெக்ஸை மூன்றாக உடைத்து ‘இம்பெரேட்டர்’, ‘ரெஜினா’ என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு தாமஸ் கார் குழு 112 பறவை இனங்களோடும் நான்கு தெரோபாட் (டி. ரெக்ஸ் சேர்ந்த இருகால் டைனோசர் பிரிவு) டைனோசர்களோடும் ஒப்பிட்டுக் காட்டியது: அந்த அளவு ஏற்ற இறக்கம் ஒரு இனத்துக்குள்ளேயே கிடைக்கிறது. 37 மாதிரிக்கே கதை அப்படி. இங்கே மூன்று.

மெல்லறுவை:
இரண்டு பேரும் “வளர்ந்தது, வளராதது” என்று சுவிட்சைப் போட்டு அணைப்பது மாதிரி பேசுகிறீர்கள். வெட்டுத்துண்டில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மொத்தச் சண்டையும் அங்கேதான் நிற்கிறது.

முதல் வேலை எலும்பை வார்ப்பெடுத்து, படமெடுத்து, முடிந்தால் சி.டி. ஸ்கேன் செய்வது. அறுத்த இடம் திரும்ப வராது. அறுப்பது தண்டு எலும்பின் நடுப்பகுதியில். முனைகளில் எலும்பு தன்னைத் தானே தொடர்ந்து மாற்றி அமைத்துக்கொண்டே இருப்பதால், மரத்தில் போல வருடத்துக்கு ஒன்றாக விழும் வளர்ச்சி வளையங்கள் நிற்காது. எடுத்த துண்டை வெற்றிடத்தில் எப்பாக்ஸி ரெசினில் ஊறவைத்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் வைரத் தகட்டு ரம்பம் தொட்டதும் நொறுங்கும். அப்புறம் இரண்டு மூன்று மி.மீ. சில்லாக அறுத்து, ஒரு பக்கம் மெருகேற்றி, கண்ணாடியில் ஒட்டி, 50 முதல் 100 மைக்ரான் வரை தேய்த்து இறக்கி, முனைவாக்கிய ஒளியில் பார்க்கிறோம்.

உள்ளிருந்து வெளியே வந்தால் முதலில் மஜ்ஜைக் குழி. விலங்கு வளர வளர இந்தக் குழியும் விரியும், விரியும்போது சின்ன வயது வளையங்களைத் தின்றுவிடும். அதனால்தான் கட்டுரைகளில் “குறைந்தது 13” என்று எழுதுகிறார்கள். தொலைந்த வளையங்களைக் கணக்கால் நிரப்ப வேண்டும், நிரப்பும் முறை மாறினால் வயதும் மாறும். சில ஆண்டுகள் ஒன்றுக்கு இரண்டாக நெருங்கிய கோடு விடும். அதை ஒரு வருடமாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. ஜேனில் வளைய இடைவெளி ஒரே சீராக இல்லை. ஒரு வருடம் நிறைய, இன்னொரு வருடம் கொஞ்சம். தீனியைப் பொறுத்து வளர்ச்சி ஏறி இறங்கியதாக வுட்வர்ட் குழு வாசித்தது. அதனால் கடைசி ஓரிரு வளையம் நெருங்கி இருப்பதை மட்டும் வைத்து “நிற்கப் போகிறது” என்று சொல்ல முடியாது.

வளர்ச்சி நின்றதற்கான அடையாளம் இ.எஃப்.எஸ். எலும்பின் வெளி ஓரத்தில், ரத்தக்குழாய்த் துளைகள் கிட்டத்தட்ட இல்லாமல், வளையங்கள் அடுக்கடுக்காக நெருக்கியிருக்கும் பட்டை. வட கரோலினா மாதிரியில் கிடைத்தது இது. சிக்கல் என்னவென்றால் இந்தப் பட்டை மிக மெல்லியது, அதுவும் ஆகக் கடைசி ஓரத்தில். மண்ணில் அரித்துப்போயிருக்கலாம். சுத்தம் செய்பவர் காற்றூசியால் பாறையைத் தட்டும்போது கூடவே சில்லு சில்லாகப் போயிருக்கலாம். கண்ணாடியில் தேய்க்கும்போது முதலில் பெயர்வதும் ஓரம்தான். ஆகவே இ.எஃப்.எஸ். இருந்தால் வலுவான சாட்சி. ‘இல்லை’ என்பதை மட்டும் வைத்து வளரும் விலங்கு என்று தீர்ப்பு எழுதக் கூடாது, ஓரத்துத் திசுவையும் பார்க்க வேண்டும். ஜேனில் அந்தத் திசு ரத்தக்குழாய் நிறைந்த, வேகமாகப் படியும் வகை. ஆகவே ஜேன் வளர்ந்துகொண்டிருந்தது என்பதை நம்பலாம்.

நாவடி எலும்பைப் பற்றி: கிளீவ்லாந்தில் மண்டையோடு மட்டும்தான் உண்டு, கை கால் கிடையாது. மண்டை எலும்புகளில் வளையம் ஒழுங்காகத் தங்காது. நாவடி எலும்பு குழல் மாதிரி இருப்பதால் அதை எடுத்தார்கள். அதை நம்பலாமா என்று முதலில் தீக்கோழி, முதலை, பல்லி வகைகளில் சோதித்துவிட்டுத்தான் இதில் கை வைத்தார்கள். இந்த வரிசையில் செய்ததால்தான் அந்த முடிவுக்கு மதிப்பு. நேராக ஹோலோடைப்பை அறுத்திருந்தால் நாலு பேர் கேள்வி கேட்டிருப்பார்கள்.

சுண்ணப்பாறை:
அருமையான பதிவு, மெல்லறுவை. ஒரு சந்தேகம். பல் எண்ணிக்கையை வைத்தே எல்லாவற்றையும் முடித்துவிட முடியாதா? டி. ரெக்ஸுக்கு மேல்தாடை எலும்பில் ஒரு பக்கம் 11, 12. இவற்றுக்கு 14-க்கு மேல்.

கத்திப்பல்:
அதை வைத்து நானோடைரனஸையும் டி. ரெக்ஸையும் பிரிக்கலாம். வளர வளர டி. ரெக்ஸுக்குப் பல் குறைந்தது என்பது 1999-லிருந்து தாமஸ் கார் தரப்பின் விளக்கம். ஆனால் மங்கோலியாவின் டார்போசாரஸ் குட்டி (2011-ல் சுயிஹிஜி குழு விவரித்தது, இரண்டு மூன்று வயசு) பெரியதன் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறது. டி. ரெக்ஸின் மிக நெருங்கிய உறவுக்கே பல் குறையவில்லை என்னும்போது அந்த விளக்கம் இளைத்துவிடுகிறது.

ஸான்னோ கட்டுரையின் பலம் பல்லைவிட மற்ற விஷயங்களில். வாலின் முள்ளெலும்புகள் டி. ரெக்ஸைவிடக் குறைவு. மண்டை நரம்புத் துளைகளின் அமைப்பும் காற்றறைகளும் வேறு. இவை கருவிலேயே தீர்மானமாகும் சங்கதிகள், வளரும்போது புதிதாக முள்ளெலும்பு முளைக்காது. கையோ, பத்து மடங்கு எடையுள்ள டி. ரெக்ஸின் கையைவிடப் பெரிது. விகிதத்தில் அல்ல, அளவிலேயே. வளர வளர எலும்பு சுருங்கும் என்று சொல்லத் துணிந்தால் ஒழிய அதற்கு மாற்று விளக்கம் கிடையாது.

பாறையடுக்கு:
அத்தனையும் ரெக்ஸுக்கு எதிரான சாட்சி. முதல் பதிவிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேனே. லான்சென்ஸிஸுக்கும் லெத்தேயஸுக்கும் நடுவில் கருவிலேயே தீர்மானமாகும் அம்சம் எத்தனை என்பதுதான் கேள்வி. அங்கே மிஞ்சுவது பெரும்பாலும் எலும்பின் வடிவம். மண்ணின் எடையில் எலும்பு நசுங்கிக் கோணும். நசுங்கிய இரண்டை ஒப்பிடுவதானால் குறைந்தபட்சம் இடது வலது இரண்டு பக்கமும் அதே அம்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் அதைச் சேர்க்கவே கூடாது. ஸ்கேனை வைத்துக் கோணலை நிமிர்த்திப் பார்த்த பிறகும் நிற்கிறதா என்பது அடுத்த சோதனை.

இன்னொன்று, அடுக்கு. இந்த எலும்புகள் கிடைத்த ஹெல் க்ரீக் பாறை ஒரே நாளில் படிந்ததல்ல. ஸ்கேனெல்லா குழு 2014-ல் காட்டியதைப் பாருங்கள்: கீழடுக்கில் ட்ரைசெராடாப்ஸ் ஹாரிடஸ், மேலடுக்கில் ப்ரோர்ஸஸ், நடுவில் இரண்டின் கலவை. ஒரே கால்வழி காலப்போக்கில் மாறியது. ஜேனும் கிளீவ்லாந்தும் எந்தெந்த மட்டத்தில் கிடந்தவை என்பதைக் கணக்கில் எடுக்காமல், இரண்டும் ஒரே காலத்தில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்த இரு இனங்கள் என்று படம் வரைவது அவசரம்.

கத்திப்பல்:
சார், நீங்களே எனக்கு உதவுகிறீர்கள். ஹாரிடஸ், ப்ரோர்ஸஸ் என்று இரண்டு பெயரும் ஏற்கெனவே இருந்ததால்தான் எது கீழே, எது மேலே என்று தேட முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே பெயரில் கொட்டியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. பெயர் என்பது தீர்ப்பல்ல, கருதுகோள். ஹோலோடைப் பொது அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அடையாளக் குறிப்பு அச்சில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய் உடைக்கலாம். உடைந்தால் 1946-ன் லான்சென்ஸிஸ் முந்திய பெயர் என்பதால் அது நிற்கும், லெத்தேயஸ் மறுபெயராக அடங்கிவிடும். நஷ்டம் என்ன?

பாறையடுக்கு:
பெயர் அவ்வளவு சுலபமாகச் செத்துவிடாது என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ப்ருஹத்காயோசாரஸை யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களில் பெயரிட்டபோது அதை ஊனுண்ணி என்று வகைப்படுத்தினார்கள். பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மாறியது. கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் என்று குறித்திருக்கிறார்கள். எலும்புகளோ உதிர்ந்துபோய்விட்டன. சரிபார்க்க மூல எலும்பே இல்லை, ஆனால் ‘உலகின் மிகப் பெரிய டைனோசர்’ பட்டியலில் பெயர் இன்னும் ஓடுகிறது.

கத்திப்பல்:
அங்கே எலும்பு இல்லை, ராக்ஃபர்டில் எலும்பு இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மெல்லறுவை:
இந்த இடத்தில் கத்திப்பல் சொல்வது சரி. ஆனால் நஷ்டம் இல்லை என்பதை ஏற்க மாட்டேன். ஒரு உதாரணம்: 2021-ல் பீட்டர்சன் குழு ஜேனின் மேல்தாடைப் பல்லை வார்ப்பெடுத்து, அதை இயந்திரத்தில் பொருத்தி மாட்டெலும்பில் அழுத்தி, இளம் டி. ரெக்ஸின் கடி விசை 5,641 நியூட்டன் என்று கணக்கிட்டது. அந்த எண் இப்போது யாருடையது? “பதின்வயது ரெக்ஸ்கள் நடுத்தர வேட்டை விலங்குகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன” என்ற வாதங்களும் ஜேன் போன்ற மாதிரிகளில்தான் ஒரு காலை ஊன்றியிருந்தன. ரெக்ஸின் வளர்ச்சிக் கோட்டில் நடுப்பகுதிப் புள்ளிகளும் அப்படியே. ஜேனை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் பெரிய ஓட்டை. நானோடைரனஸ் என்று மாற்றியபோதே இந்தக் கணக்கெல்லாம் திருத்த வேண்டியதாயிற்று. சிற்றினத்தையும் இப்போதே பிரித்து எழுதினால், நாளை சேர்க்கும்போது அதே வேலை இரண்டாவது தடவை.

கத்திப்பல்:
அது எழுதுபவர்களின் சோம்பலுக்கு வைத்தியம், வகைப்பாட்டியலுக்கு அல்ல.

எதைக் காட்டினால் உங்கள் மனம் மாறும், பாறையடுக்கு சார்? அதைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இந்த இழை இருநூறு பதிவு போகும்.

பாறையடுக்கு:
நேர்மையான கேள்வி. இரண்டில் ஒன்று போதும். ஜேனின் அடையாள அம்சங்களோடு, வெளி ஓரம் சேதமாகாமல், இ.எஃப்.எஸ். தெளிவாகத் தெரியும் இன்னொரு எலும்புக்கூடு. அல்லது லான்சென்ஸிஸின் இளம் மாதிரி ஒன்று, ஜேன் வயதில், ஜேனைவிடத் தெளிவாகச் சின்னதாக. இரண்டாவது கிடைத்தால் இரண்டின் வளர்ச்சிக் கோடும் தனித்தனி என்று அன்றைக்கே ஒப்புக்கொள்வேன். தனியார் கையில் அடைபட்ட மாதிரிகளை இதற்குச் சாட்சியாகக் கொண்டுவராதீர்கள். இன்னொருவர் போய் அளக்க முடியாத எலும்பு எனக்குச் சாட்சியில்லை.

கத்திப்பல்:
தனியார் மாதிரி விஷயத்தில் சண்டையே இல்லை. மற்றபடி ஜேனின் உருவமே என்னைப் பொறுத்தவரை பாதி சாட்சி. மீதிப் பாதிக்குக் காத்திருக்கும்வரை பெயர் நிற்கட்டும்.

மெல்லறுவை:
அதுவரை அட்டவணை போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிற்றினப் பெயரை மட்டும் எழுதாதீர்கள், மாதிரி எண்ணையும் தனி நெடுவரிசையில் போடுங்கள். ஜேன் பிஎம்ஆர்பி 2002.4.1, கிளீவ்லாந்து சிஎம்என்எச் 7541, வட கரோலினா என்சிஎஸ்எம் 40000. எந்த எலும்பை அறுத்தது, தண்டில் எந்த இடத்தில், வெளி ஓரம் முழுமையாக இருந்ததா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் எத்தனை தடவை மாறினாலும் அந்த வரிசையைத் திரும்ப எழுத வேண்டியிருக்காது.