கல்லச்சுப் படங்களின் கனவுருவங்கள்: கல்லுக்கும் பங்கு உண்டா?

செம்பூர் வாசகி:
கனவையும் ஆழ்மனத்தையும் வரைந்த சர்ரியலிச ஓவியர்களின் லித்தோகிராஃப் (கல்லச்சு) படங்களில் பாதி விலங்கும் பாதி மனிதருமாக வரும் உருவங்கள், எண்ணெய் வண்ண ஓவியங்களில் வருவனவற்றைவிடக் கனவுக்கு நெருக்கமானவையாக எனக்குத் தோன்றுகின்றன. இது ஓவியரின் கற்பனையால் மட்டும் நேர்வதா, கல்லில் வரையும் முறைக்கும் இதில் பங்கு உண்டா? மும்பைக்காரியான எனக்குக் கல்லச்சு என்றால் 1894-இல் இங்கே தொடங்கிய ரவி வர்மா அச்சகத்தின் லட்சுமியும் சரசுவதியுமே நினைவுக்கு வருகிறார்கள். அவர்களிடம் இந்தக் கனவுபோன்ற மங்கல் சிறிதும் இல்லையே?

மாட்டுங்கா கல்லச்சர்:
கல்லுக்குப் பெரும் பங்கு உண்டு. 1796 வாக்கில் செனஃபெல்டர் கண்டறிந்த இம்முறையில் சுண்ணாம்புக் கல்லைச் செதுக்குவதில்லை. கொழுப்புள்ள கிரேயானால் அதன்மேல் வரைந்து, கோந்தும் சிறிது அமிலமும் பூசி நனைத்தால், ஈரமான இடம் மையை விலக்க, வரைந்த இடம் மட்டும் மையைப் பற்றிக்கொள்கிறது. மணல்போல் அரைத்த பரப்பின் பொடிப்பொடியான மேடுகளில் மட்டுமே கிரேயான் படிவதால், கோட்டின் விளிம்பு திட்டமாக முடியாமல் கரைந்து நிற்கும். கல் முழுவதையும் கருப்பாக்கிவிட்டு, கத்தியால் சுரண்டி வெளிச்சத்தை வெளியே எடுக்கவும் முடியும். சர்ரியலிசத்துக்கு முன்னோடியான ஓடிலோன் ரெடோனின் 1882-ஆம் ஆண்டுத் தொகுப்பில், ஒற்றைக் கண்ணே பலூனாக வானேறும் படத்தைப் பாருங்கள். அந்தக் கருமையை எண்ணெய் வண்ணத்தில் எளிதில் கொண்டுவர இயலாது.

ரவி வர்மா படங்களின் நோக்கமே வேறு. எண்ணெய் ஓவியத்தைப் போலத் தோன்றவேண்டும் என்பதற்காக, நிறத்துக்கொரு கல்லாகப் பல கற்களில் நுண்புள்ளிகளை அடுக்கி அச்சிட்டார்கள். அங்கே கல் தன்னை மறைத்துக்கொண்டது.

தாதர் பார்வையாளன்:
மதிப்பிற்குரிய கல்லச்சர் கல்லுக்குச் சற்று அதிகமாகவே புகழ் சேர்த்துவிட்டார் என்று கருதுகிறேன். 1944-இல் வெளிவந்த, ஸ்பானிய ஓவியர் மீரோவின் பார்சலோனா என்னும் கல்லச்சு வரிசையில் 50 படங்கள் உள்ளன. அவற்றில் பல்லிளிக்கும் பூதங்களும் விண்மீன்களும் பெண்களும் மங்கலாக இல்லை, தடித்த கருங்கோடுகளாகவே நிற்கிறார்கள். அவர் வரைந்ததும் நேராகக் கல்லில் அன்று, வரைந்ததைக் கல்லுக்கு மாற்ற உதவும் மாற்றுத்தாளில். ஆயினும் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் கெட்ட கனவு அதில் குறையவில்லை. 1924-ஆம் ஆண்டு சர்ரியலிச அறிக்கையில் அதன் ஆசிரியர் பிரெத்தோன் வலியுறுத்தியது அறிவின் கட்டுப்பாடற்ற தன்னியக்கத்தை. கிரேயான் கையோடு தடையின்றி ஓடுவதால் கல்லச்சு அதற்கு உதவியது என்பதை மட்டும் ஏற்கிறேன். சர்ரியலிச ஓவியர் சால்வதோர் தாலியோ 1950-களில் தோன் கிஹோத்தே என்னும் ஸ்பானிய நாவலுக்கான படங்களுக்காக, மை நிரப்பிய குண்டுகளைப் பழங்காலத் துப்பாக்கியால் கல்லின்மேல் சுட்டுவிட்டு, சிதறிய கறையிலிருந்தே உருவங்களைத் தேடினார். விளம்பர ஆசை அதில் பாதி என்றாலும், தற்செயலுக்கு இடம் கொடுத்தவர் ஓவியரே, கல் அல்ல.

மாட்டுங்கா கல்லச்சர்:
மீரோவைப் பற்றிய மறுப்பை ஏற்கிறேன். ஆனால் கறை சிதறியபடியே அச்சில் இறங்குவதும் கல்லின் இயல்பால்தானே? செம்பூர் அம்மையாருக்கு ஒரு வேண்டுகோள்: தாலி வெற்றுத்தாள்களில் முன்கூட்டியே கையெழுத்திட்டதால் அவர் பெயரில் போலிகள் மிகுதி. கையெழுத்தை நம்பாமல் உருப்பெருக்கியால் பாருங்கள். ஒழுங்கான வண்ணப் புள்ளி வரிசைகள் தெரிந்தால் அது ஆஃப்செட் (இயந்திர அச்சு) நகல், ஒழுங்கற்ற மணல்துகள் தெரிந்தால் கிரேயான் கல்லில் பட்ட தடமாக இருக்க வாய்ப்புண்டு.