பீஞ்சமந்தை மலையிலிருந்து தங்கையை இறக்க ஜீப் வேண்டும், அவசரம்

வணக்கம். நாளைக்கு ஜவ்வாது மலைப் பக்கம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். அதாவது மிக கனமழை, ஒரே நாளில் 12 முதல் 20 செ.மீ. வரை. கூடவே பலத்த காற்று.

என் தங்கை பீஞ்சமந்தைக்கு மேலே ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள், நிறைமாதம். மழை பிடித்துக்கொண்டால் ஓடையில் தண்ணீர் வந்துவிடும், பாதையில் மண் சரியும். அப்புறம் 108 வண்டி ஏற முடியாது, டோலி கட்டித்தான் தூக்கி வர வேண்டும். வலி எடுத்த பிறகு அந்த இருட்டில், வழுக்குப் பாறையில் அவளைத் தூக்கி வருவதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. இன்று சாயங்காலத்துக்குள் மலைக்குக் கீழே இருக்கும் ஒடுகத்தூருக்கு இறக்கியே ஆக வேண்டும்.

மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவர் ஜீப்போடு யாராவது வர முடியுமா? டீசல், வாடகை எல்லாம் கொடுத்துவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நாலு நாள் தங்க ஒரு அறை கிடைத்தாலும் பெரிய உதவி.

அம்மா ஆடுகளை விட்டு வரமாட்டேன் என்கிறார். கூரை வீடு, காற்றுக்குத் தாங்காது. அதனால் தார்ப்பாயும் நைலான் கயிறும் கொடுத்தால் அதே வண்டியில் ஏற்றி அனுப்பலாம்.

உத்திரகாவேரிக் கரையில் இருப்பவர்களும் மாடுகளை மேட்டில் கட்டுங்கள். இங்கே தூறல்கூட இல்லாதபோதும் மேலே பெய்தால் ஆற்றில் வெள்ளம் வரும். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

வண்டி இருப்பவர்கள் உடனே இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே கூட வருகிறேன்.