லைசினை மாற்றியும் புரதம் கருவுக்குள் போகிறது, எங்கே பிழை?

வெள்ளவத்தை_மாணவி: அவசரம். புரதத்தைக் கலத்தின் கருவுக்குள் போகச் சொல்லும் சமிக்ஞைத் தொடரில் இருந்த மூன்று லைசின் அமினோ அமிலங்களையும் அலனினாக மாற்றினேன். மாற்றம் சரியென்று தொடர் வாசித்தும் பார்த்தாயிற்று. ஆனாலும் கரு பச்சையாக ஒளிர்கிறது. நாளை போயா விடுமுறை, ஆய்வுகூடம் பூட்டு. மறுநாள் மேற்பார்வையாளரிடம் படம் காட்டவேண்டும்.

குமரன்_கிருலப்பனை: என்ன கலம்? உயிருடனா, நிலைப்படுத்தியா? புரதம் எவ்வளவு பெரிது? இது தெரியாமல் ஒன்றும் சொல்ல ஏலாது.

நிலா: கலத்தை நிலைப்படுத்த மெதனோல் ஊற்றியிருப்பீர்கள். அதில் புரதம் இடம்மாறிப் போகும், எனக்கும் நடந்தது.

பழையகை: இது அடிப்படை, தங்கச்சி. சமிக்ஞையை இம்போர்ட்டின் என்ற காவிப் புரதம் பிடித்து உள்ளே கொண்டுபோகும், அங்கே ரான்-ஜீரீபீ, அதாவது ஜீரீபீ என்ற சக்தி மூலக்கூறை ஏந்திய ரான் புரதம், ஒட்டியதும் சுமையை விட்டுவிடும். எஸ்வி40 வைரஸ் புரதத்தில் ஒரே ஒரு லைசினை மாற்றி அதைக் கருவுக்கு வெளியே நிறுத்தியது 1984இல். நீங்கள் மூன்றை மாற்றியும் நிற்கவில்லை என்றால் குப்பி மாறியிருக்கிறது. லேபிளைப் பாருங்கள்.

வெள்ளவத்தை_மாணவி: குப்பி சரி அண்ணா. ஹீலா என்ற மனிதக் கலம், உயிருடன்தான் பார்த்தேன். முழுப் புரதம் இல்லை, 8 கிலோடால்டன் எடையுள்ள துண்டு, பச்சையாக ஒளிரும் ஜீஎஃப்பீ புரதத்தோடு ஒட்டியது.

தாரணி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஜீஎஃப்பீ 27, துண்டு 8, மொத்தம் 35. ஏறக்குறைய 40க்குக் கீழே இருப்பவை கருச்சவ்வின் துளைகளால் தாமாகவே ஊடுபரவிப் போகும், அவற்றுக்குச் சமிக்ஞையும் தேவையில்லை, இம்போர்ட்டினும் தேவையில்லை. படத்தைத் திரும்பப் பாருங்கள். கருவைச் சுற்றிய குழியவுரு இருட்டாக, கரு மட்டும் பளிச்சென்று இருக்கிறதா, இல்லை கலம் முழுக்கப் பச்சையா? இரண்டாவது என்றால் உங்கள் மாற்றம் வேலை செய்திருக்கிறது. மூன்று ஜீஎஃப்பீயைக் கோத்து, தானாக ஊடுபரவ ஏலாதபடி பெரிதாக்கிப் போடுங்கள்.

பழையகை: ஊடுபரவலாவது! ஜீரீபீ செலவழித்துத்தான் எதுவும் துளைக்குள் தள்ளப்படும்.

குமரன்_கிருலப்பனை: இல்லை ஐயா. துளைக்குள் தொங்கும் பீனைல்அலனின்-கிளைசின் நிறைந்த புரத இழைகளில் இம்போர்ட்டின் ஒட்டி, விலகி, மறுபடி ஒட்டிக் கடந்துவிடும். கடக்கும் அந்த நேரத்தில் ஜீரீபீ உடைவதில்லை. செலவெல்லாம் திசைக்குத்தான். ரானில் ஜீரீபீயை ஏற்றும் ஆர்சிசி1 புரதம் கருவுக்குள் குரோமற்றினில், அதாவது டீஎன்ஏ சுற்றிய இழையில், ஒட்டியிருக்கிறது, அந்த ஜீரீபீயை உடைக்க வைக்கும் ரான்கேப் புரதம் வெளியே. அதனால்தான் சுமை உள்ளே போய் இறங்குகிறது.

பழையகை: நாங்கள் படித்தபோது அப்படிச் சொல்லவில்லை.

தாரணி: நீங்கள் படித்ததற்குப் பிறகு எவ்வளவோ வந்துவிட்டது. தங்கச்சியின் படம் என்ன ஆனது?

நிலா: நான் இன்னும் மெதனோல் என்றுதான் நினைக்கிறேன்.

குமரன்_கிருலப்பனை: உயிருள்ள கலத்தில் ஏது மெதனோல்?

வெள்ளவத்தை_மாணவி: பார்த்தேன். கலம் முழுக்கப் பச்சை, கருவுக்குள் இருக்கும் புன்கரு மட்டும் கறுப்புப் பொட்டாக இருக்கிறது. மாற்றாத புரதத்தில் குழியவுரு இருட்டு. தாரணி அக்கா சொன்னதுதான். மூன்று ஜீஎஃப்பீ கோத்த பிளாஸ்மிட் (டீஎன்ஏ வளையம்) பக்கத்து ஆய்வுகூடத்தில் இருக்கிறதாம், போயா முடிந்து கேட்கிறேன். நன்றி, பஸ் வந்துவிட்டது.